மோட்டார் தின்னும் மின்சாரம்

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய மதுரைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மோட்டாரைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு கூட்டமா என்று சிலர் கேட்கலாம். கூலி, போனஸ், பஞ்சப்படி, ரேஷன், நிலம், இவைதானே நமது பிரச்னைகள். மோட்டார் முதலாளியின் சொத்து, அதை அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லலாம். நல்ல கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

கூலி உயர்வு கேட்டுப் பேச்சுவார்த்தைக்குப் போகிறோம். நிர்வாகம் முதலில் எடுத்து வீசுவது எது? மின்சார பில். பஞ்சுக்கு அடுத்த பெரிய செலவுகளில் மின்சாரமும் ஒன்று, அதனால் உங்களுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை என்கிறார்கள். அந்த பில்லில் எவ்வளவு நூலாக மாறியது, எவ்வளவு வெறும் உஷ்ணமாகப் பறந்தது என்று நாம் கேட்டதுண்டா? 2012-ம் வருஷத்தை நினைத்துப் பாருங்கள். சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்வெட்டு. ஷிப்டு போயிற்று, சம்பளம் போயிற்று. கிணற்றில் தண்ணீர் இருந்தும் நாற்று காய்ந்தது. மின்சாரம் பற்றாக்குறையானால் முதல் அடி விழுவது நம் முதுகில்தான். ஆகவே மின்சாரம் எங்கே வீணாகிறது என்பது நமது விஷயம்.

உலகத்தில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ பாதியைத் தின்பது மோட்டார்களும் அவை ஓட்டும் யந்திரங்களும்தான். தொழிற்சாலைகளுக்குள் மட்டும் பார்த்தால் பத்தில் ஏழு பங்கு. விளக்கும் விசிறியும் கண்ணுக்குத் தெரியும். மோட்டாரோ மூலையில் கிடந்து முனகிக்கொண்டே இருக்கும். அதன் பசி யார் கண்ணிலும் படாது.

மோட்டார் வந்த வழி

1892-ல் ஹார்வி சகோதரர்கள் மதுரையில் ஆலை வைத்த காலத்தில் பஞ்சாலை யந்திரங்களை ஓட்டியது நீராவி. ஒரு பெரிய எஞ்சின். அதிலிருந்து ஆலை நெடுக ஓடும் இரும்புத் தண்டு. தண்டிலிருந்து ஒவ்வொரு யந்திரத்துக்கும் ஒரு பெல்ட். அந்தப் பெல்ட்டுகளில் சிக்கிக் கை இழந்தவர்கள் எல்லா ஊர் ஆலைகளிலும் உண்டு.

ஜெர்மனியில் 1889-ல் டோலிவோ-டோப்ரோவோல்ஸ்கி என்ற ரஷ்ய எஞ்சினியர் மூன்று பேஸ் மின்சாரத்தில் ஓடும் கூண்டு ரோட்டார் மோட்டாரை உருவாக்கினார். இன்று நமது ஆலையில் ஓடுவது அந்த இனம்தான். அது வந்த பிறகு மெல்ல மெல்ல ஒவ்வொரு யந்திரத்துக்கும் தனி மோட்டார் என்ற நிலை ஏற்பட்டது. நடுவே ஓடிய தண்டும் பெல்ட்டும் மறைந்தன.

நம் நாட்டில் 1932-ல் பைகாரா, 1937-ல் மேட்டூர், 1944-ல் பாபநாசம் என்று நீர்மின் நிலையங்கள் எழுந்தன. 1958 முதல் பெரியாற்றுத் தண்ணீர் லோயர் கேம்ப்பில் குழாய் வழியே இறங்கி மின்சாரம் தந்துவிட்டு, பிறகு வைகையில் கலந்து நமது மதுரை, மேலூர், திருமங்கலம் வயல்களுக்குப் பாய்கிறது. ஒரே தண்ணீர் மோட்டாரையும் ஓட்டுகிறது, நாற்றையும் வளர்க்கிறது. ஆலைத் தொழிலாளியையும் விவசாயத் தொழிலாளியையும் கட்டிப்போடும் கயிறு அதுதான்.

அந்நாளில் மோட்டார் சீமையிலிருந்து வந்தது. இந்திய மோட்டார் சந்தைக்கு வரட்டுமே என்று கோவையில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் முனைந்து 1937-ல் பீளமேட்டில் செய்து காட்டினார்கள். இந்தியாவில் உற்பத்தியான முதல் மின் மோட்டார் அதுவே. வாங்க ஆள் இருந்தது: கொங்கு நாட்டின் ஆழக் கிணறுகள். கவலையேற்றத்தில் மாடு கட்டி இறைத்த விவசாயிக்கு மோட்டார் தேவைப்பட்டது. பக்கத்திலேயே பைகாரா மின்சாரம் இருந்தது. பட்டறைகளில் கைதேர்ந்த தொழிலாளிகள் இருந்தார்கள். தேவை, மின்சாரம், தொழிலாளியின் கைத்திறன், இந்த மூன்றும் கூடியபோது ஒரு புதுப் பொருள் சந்தையில் நிலைத்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு அதே கோவையிலும் வேறு ஊர்களிலும் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் நல்ல மோட்டார்களைச் செய்ய முடிகிறது, செய்கிறார்கள். ஆனாலும் அவை நமது பட்டறைக்கும் ஆலைக்கும் வந்து சேர்வதில் ஆயிரம் தடைகள். அவை என்ன தடைகள்?

மின்சாரம் எங்கே போகிறது?

மோட்டாரின் மேல் கை வைத்தால் சுடுகிறது. அந்தச் சூடுதான் நஷ்டம். செம்புக் கம்பி வழியாக மின்சாரம் ஓடும்போது கம்பி சூடாகிறது. ஸ்டேட்டாரின் எஃகுத் தகடுகளில் காந்தம் நொடிக்கு ஐம்பது தடவை முன்னும் பின்னும் புரளும்போது தகடு சூடாகிறது. ரோட்டார் கம்பிகளிலும் சூடு. பேரிங் உராய்கிறது, விசிறி காற்றைத் தள்ளுகிறது. இவை எல்லாவற்றுக்கும் நாம்தான் பில் கட்டுகிறோம்.

இதைக் குறைக்க மாயமந்திரம் ஒன்றும் கிடையாது. காடியில் கூடுதல் செம்பு போட வேண்டும். மெல்லிய, தரமான சிலிகன் எஃகுத் தகடு வேண்டும். ரோட்டாருக்கும் ஸ்டேட்டாருக்கும் நடுவே உள்ள இடைவெளி துல்லியமாக இருக்க வேண்டும். நல்ல பேரிங், அளவான விசிறி வேண்டும். ரோட்டாரில் அலுமினியத்துக்குப் பதில் செம்பை வார்த்தால் இன்னும் நல்லது. ஆனால் அலுமினியம் 660 டிகிரியில் உருகும். செம்புக்கு 1,085 டிகிரி வேண்டும். அந்த உஷ்ணத்தில் வார்ப்பு அச்சுகள் சீக்கிரம் வெடித்துப் போகின்றன. கோவைப் பட்டறைக்காரர் ஆசைப்பட்டாலும் அது தனி ஆளின் கைக்கு எட்டும் முதலீடு அல்ல.

மோட்டார்களை இன்று உலகெங்கும் ஐ.இ.1, ஐ.இ.2, ஐ.இ.3, ஐ.இ.4 என்று தரம் பிரிக்கிறார்கள். 2008-ல் சர்வதேச அளவில் வகுத்த முறை இது. எண் கூடக் கூட நஷ்டம் குறைவு. நமது நாட்டில் ஐ.எஸ். 12615 என்ற தர விதியும் இதைத்தான் பின்பற்றுகிறது.

கணக்குப் பார்ப்போம்

20 குதிரைசக்தி, அதாவது 15 கிலோவாட் மோட்டார் ஒன்று. ஐ.இ.1 ஆனால் 100 யூனிட் கொடுத்தால் 88.7 யூனிட் வேலையாகத் திரும்புகிறது. ஐ.இ.3 ஆனால் 92.1. வித்தியாசம் மூன்றரைகூட இல்லையே, இதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றும். மூன்று ஷிப்டு ஓடும் ஆலையில் அது வருஷத்துக்கு 8,000 மணி நேரம் முழுச் சுமையில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய மோட்டார் தின்பது சுமார் 1,35,000 யூனிட். புதியது அதே வேலைக்குச் சுமார் 5,000 யூனிட் குறைவாகத் தின்னும். யூனிட்டுக்கு 7 ரூபாய் என்று கணக்கிட்டால் வருஷத்துக்கு 35,000 ரூபாய்.

இன்னொரு கணக்கையும் கவனியுங்கள். அந்த மோட்டாரின் விலை ஒரு லட்ச ரூபாய்க்குள் அடங்கும். அது ஒரு வருஷத்தில் தின்னும் மின்சாரத்தின் விலை ஒன்பது லட்சத்துக்கு மேல்! மாடு வாங்குகிறவர் மாட்டின் விலையோடு அது தின்னும் தீவனத்தையும் கணக்குப் பார்ப்பார். மோட்டார் வாங்கும்போது மட்டும் தீவனக் கணக்கு மறந்துபோகிறது. நல்ல மோட்டார் சாதாரணமாக ஐந்தில் ஒரு பங்கு விலை கூடுதல் என்று சொல்லித் தள்ளிவிட்டு, பதினைந்து வருஷம் தண்டம் கட்டுகிறார்கள்.

சிறிய மோட்டாரில் கொடுமை இன்னும் அதிகம். 150 குதிரைசக்தி மோட்டாரில் ஐ.இ.1-க்கும் ஐ.இ.3-க்கும் வித்தியாசம் நூற்றுக்கு இரண்டு. 1 குதிரைசக்தி மோட்டாரில் ஐ.இ.1 நூற்றுக்கு 72.1, ஐ.இ.3 நூற்றுக்கு 82.5. வித்தியாசம் பத்துக்கு மேல்! கே. புதூரிலும் கப்பலூரிலும் தொழிற்பேட்டையில் நாலு பேரை வைத்து லேத் ஓட்டும் சிறு பட்டறைக்காரர், கிரைண்டர் வைத்து மாவு அரைக்கும் பெண், இவர்களிடம் இருப்பவை இந்தச் சிறு மோட்டார்கள்தான். பெரிய ஆலைக்கு நூற்றில் இரண்டு நஷ்டம். ஏழைப் பட்டறைக்கு நூற்றில் பத்து நஷ்டம். யாரிடம் பணம் குறைவோ அவர் மோட்டார்தான் அதிகம் விழுங்குகிறது.

நல்ல மோட்டார் ஏன் விற்கவில்லை?

இவ்வளவு லாபம் என்றால் முதலாளிகளே ஓடிப்போய் வாங்க வேண்டாமா? அவர்கள்தான் லாபத்தின் வாசனையை எட்டு மைலுக்கு அப்பால் மோப்பம் பிடிப்பவர்களாயிற்றே! ஆனால் நடப்பது வேறு.

முதலாவது, வாங்குகிறவர் ஒருவர், பில் கட்டுகிறவர் வேறொருவர். யந்திரம் செய்து விற்கும் கம்பெனி தன் யந்திரத்தோடு மோட்டாரையும் பொருத்தித் தருகிறது. யந்திரத்தின் விலையைக் குறைத்துக் காட்ட மலிவு மோட்டாரைப் போடுகிறது. மின் கட்டணம் அதன் தலையில் விழுவதில்லை.

இரண்டாவது, மோட்டார் எரிவது எப்போது? வேலை மும்முரமாக நடக்கும்போதுதான். ஒரு மணி நேரம் நின்றால் நஷ்டம். அந்த அவசரத்தில் தரம் பார்ப்பார் யார்? எரிந்ததை வைண்டிங் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், அல்லது கடையில் கையில் கிடைத்ததை வாங்குகிறார்கள். கடைக்காரரோ வேகமாக விற்கும் சரக்கைத்தான் வைத்திருப்பார்.

மூன்றாவது, கையில் ரொக்கம் இல்லை. சிறு பட்டறைக்காரருக்குப் பதினைந்து வருஷச் சேமிப்பு நாளை. வெள்ளிக்கிழமை கூலி இன்று.

நான்காவது, நம்பிக்கை இல்லை. பெயர்த் தகட்டில் எதை வேண்டுமானாலும் அடிக்கலாம் என்ற எண்ணம் பரவிக் கிடக்கிறது. சோதித்துப் பார்க்கும் வசதி சாதாரண ஆளிடம் கிடையாது. நேர்மையாகச் செம்பு போட்டுச் செய்தவரும், தகடு மட்டும் மாற்றி ஒட்டியவரும் ஒரே கடையில் நின்றால் விலை குறைந்தவர்தான் ஜெயிப்பார்.

தானாகத் திருந்துமா?

சந்தை தானாகவே திருந்திவிடும் என்று சொல்லும் பண்டிதர்களுக்கு ஐரோப்பாவின் கதையைச் சொல்ல வேண்டும். அங்கே 1998-ல் மோட்டார்க் கம்பெனிகள் தாமாக முன்வந்து ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. மோட்டார்களை மூன்று தரமாகப் பிரித்துச் சீட்டு ஒட்டின. விளைவு? மிகவும் மட்டமான மோட்டார் சந்தையிலிருந்து ஏறக்குறைய மறைந்தது, உண்மை. ஆனால் மிகச் சிறந்த மோட்டார் ஒரு மூலையிலேயே நின்றது. கடைசியில் 2009-ல் சட்டம் போட்டார்கள். 2011 ஜூன் முதல் ஐ.இ.2-க்குக் கீழே விற்கக்கூடாது. 2015 முதல் படிப்படியாக ஐ.இ.3 என்றார்கள். அதன்பின்தான் சந்தை நகர்ந்தது. அமெரிக்காவிலும் அப்படியே: 1992-ல் சட்டம், 1997-ல் அமல்.

நம் நாட்டில் 2001-ல் எரிசக்திச் சிக்கனச் சட்டம் வந்தது. 2012 முதல் பெரிய பஞ்சாலைகள் உள்பட அதிக எரிசக்தி செலவிடும் ஆலைகளுக்குக் குறைப்பு இலக்கு வைத்தார்கள். 2017-ல் மோட்டார்களுக்குத் தரக் கட்டுப்பாட்டு உத்தரவு போட்டு, ஐ.இ.2-க்குக் குறையக் கூடாது என்றார்கள். நல்லதுதான். ஆனால் சட்டம் புது மோட்டாரைத்தான் பார்க்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் லட்சக்கணக்கான பழைய மோட்டார்களை அது தொடுவதில்லை.

எல்.இ.டி. பல்பின் அனுபவம் நம் எல்லோருக்கும் தெரியும். பொதுத்துறை மின் நிறுவனங்கள் சேர்ந்து 2009-ல் அமைத்த ஈ.ஈ.எஸ்.எல். ஸ்தாபனம், மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கியது. 2014-ல் ஒரு பல்பு 310 ரூபாய்க்கு வாங்கப்பட்டது. 2016-ல் அதே கொள்முதல் விலை 38 ரூபாய்க்கு இறங்கியது. தனித் தனியாக நாம் கடையில் பேரம் பேசியிருந்தால் இது நடந்திருக்குமா? ஒற்றைச் சுள்ளியை ஒடிப்பார்கள். கட்டை ஒடிக்க முடியாது. கொள்முதலிலும் அந்த நீதிதான்.

அதே ஸ்தாபனம் பின்னர் தொழிற்சாலைகளுக்கு ஐ.இ.3 மோட்டார்களை மொத்தமாக வாங்கிக் கொடுத்து, மிச்சமாகும் மின்கட்டணத்திலிருந்தே தவணை வாங்கும் திட்டமும் போட்டது. ஆனால் பல்பு பரவியதுபோல் மோட்டார் பரவவில்லை. காரணம் தெளிவு. பல்பை யார் வேண்டுமானாலும் திருகலாம். மோட்டாரை மாற்ற ஆலையை நிறுத்த வேண்டும். அடித்தளத்தில் பொருந்த வேண்டும். ஷாஃப்ட் உயரம், புல்லி அளவு ஒத்துப்போக வேண்டும். டில்லியில் உட்கார்ந்து டெண்டர் விட்டால் மட்டும் போதாது. பட்டறை வாசல்வரை வந்து பொருத்திக் கொடுக்கும் ஆள் வேண்டும்.

மோட்டார் மட்டும் போதுமா?

இங்கேதான் தொழிலாளியின் அறிவு முன்னே வருகிறது. நல்ல மோட்டார் பழையதைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். விசிறியிலும் பம்பிலும் வேகம் நூற்றுக்கு ஒன்று கூடினால் தின்னும் மின்சாரம் மூன்று கூடும். புல்லியை மாற்றாமல் மோட்டாரை மட்டும் மாற்றினால் வந்த மிச்சம் காற்றோடு போய்விடும். இதற்கு நேர்மாறாக, தேவைக்கு ஏற்ப வேகத்தை எண்பது பங்காகக் குறைத்தால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகும். வேகத்தைக் குறைக்காமல் வால்வைத் திருகி அடைப்பது, வண்டியை ஓட்டிக்கொண்டே பிரேக்கை மிதிப்பது போன்றது.

5 குதிரைசக்தி போதும் என்ற இடத்தில் 10 குதிரைசக்தி மோட்டார் சும்மா சுற்றுகிறதா? பேரிங் சத்தம் மாறிவிட்டதா? பெல்ட் நழுவுகிறதா? காற்றுக் குழாயில் ஒழுக்கு உண்டா? இவையெல்லாம் ஆபீஸ் அறைக்குத் தெரியாது. யந்திரத்தின் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்கிறவருக்குத் தெரியும்.

வைண்டிங் தொழிலாளர்களைப் பற்றி ஒரு வார்த்தை. புது மோட்டார் வந்தால் நம் பிழைப்பு போய்விடுமோ என்ற பயம் அவர்களுக்கு இருக்கிறது. அவர்களைப் பழிப்பதில் அர்த்தமில்லை. எரிந்த கம்பியை எடுக்க மோட்டாரைக் கண்டபடி தீயில் போட்டால் எஃகுத் தகடுகளின் இடையே உள்ள பூச்சு கருகிப் போகும், நஷ்டம் கூடும். அளவான சூட்டில் எடுத்து, அதே கனமுள்ள கம்பியை அதே சுற்று எண்ணிக்கையில் சுற்றினால் தரம் அநேகமாகக் குறையாது. அதற்குச் சூட்டடுப்பும் சோதனைக் கருவியும் பயிற்சியும் வேண்டும். இவை கிடைத்தால் இந்த மாற்றத்தைச் செய்து முடிக்கும் கைகளே அவர்கள்தான்.

வயல்காட்டில்

விவசாயத் தொழிலாளித் தோழர்களே! உங்களில் பலருக்குக் கிணறு இல்லை, மோட்டார் இல்லை. ஆனால் மோட்டார் ஓடினால்தான் நடவு; நடவு இருந்தால்தான் கூலி.

1970-களில் கோவை மாவட்டத்தில் நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடினார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அந்த நீண்ட போராட்டத்துக்குப் பிறகுதான் 1984-ல் சிறு விவசாயிகளுக்கும் 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. அது ரத்தம் சிந்தி வாங்கிய உரிமை. "இலவசம் என்பதால்தான் விவசாயி மட்டமான மோட்டார் வைக்கிறான், இலவசத்தை நிறுத்து" என்று சிலர் சொல்கிறார்கள். இது பாதி உண்மையைக் காட்டி முழுப் பொய்யை விற்பது. கடைசிக் கம்பம்வரை வோல்டேஜ் வராததால் மோட்டார் எரிகிறது. எரியாமல் இருக்கத்தான் விவசாயி பெரிய மோட்டாரையும் தடித்த வைண்டிங்கையும் தேடுகிறார். பழைய பம்புசெட்டுகள் பலவற்றில் செலவாகும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட தண்ணீரைத் தூக்கும் வேலையாக மாறுவதில்லை. மிச்சம் மோட்டாரிலும் பம்பிலும் குறுகலான குழாயிலும் அடிவால்விலும் தொலைகிறது. அந்த மின்சாரத்துக்குப் பணம் கொடுப்பது சர்க்கார். ஆகவே மோட்டாரையும் பம்பையும் மாற்றிக் கொடுப்பதும் சர்க்காரின் கடமை. அதில் மிச்சமும் சர்க்காருக்கே.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நல்ல மோட்டார் அதே நேரத்தில் அதிகத் தண்ணீரை இறைக்கும். நிலத்தடி நீர் இன்னும் கீழே போனால், ஆழ்துளை போட வசதியுள்ள பெரிய நிலக்காரர் தப்புவார். சிறு விவசாயியின் கிணறு வறளும். அதோடு உங்கள் வேலையும் வறளும். மோட்டாரை மாற்றும்போதே கண்மாய்களைத் தூர் வாரி, ஊற்று ஊற வழி செய்ய வேண்டும். இரண்டும் சேர்ந்து நடந்தால்தான் லாபம்.

நாம் செய்ய வேண்டியது என்ன?

ஆலைத் தோழர்கள் நாளையே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. மோட்டாரின் பெயர்த் தகட்டைப் படியுங்கள். கிலோவாட் எவ்வளவு, ஐ.இ. எண் என்ன, எத்தனை தடவை வைண்டிங் ஆனது என்று எழுதி வையுங்கள். அடுத்த பேச்சுவார்த்தையில் நிர்வாகம் மின்சார பில்லை மேஜையில் போட்டால், நாம் இந்தப் பட்டியலைப் போடுவோம். மிச்சம் பிடிக்க வேண்டியது சூடாகும் இரும்பிலிருந்து. தொழிலாளியின் வயிற்றிலிருந்து அல்ல!

சர்க்காரிடம் நாம் கேட்பவை இவை. சிறு பட்டறைகளுக்கும் சிறு விவசாயிகளுக்கும் மொத்தக் கொள்முதலில் நல்ல மோட்டார் வாங்கி, மிச்சமாகும் தொகையில் தவணை கட்டும் ஏற்பாட்டில் கொடுக்க வேண்டும். மதுரைச் சந்தைக்கு வரும் மோட்டார்களைச் சோதிக்க வசதி வேண்டும். பொய்த் தகடு ஒட்டுகிறவர்களைத் தண்டிக்க வேண்டும். வைண்டிங் தொழிலாளர்களுக்குப் பயிற்சியும் கருவியும் வேண்டும். செம்பு ரோட்டார் வார்ப்பு போன்ற செலவு மிக்க வேலைகளுக்குச் சிறு உற்பத்தியாளர்கள் கூடிப் பயன்படுத்தும் பொதுப் பட்டறை வேண்டும். கடைசிக் கம்பம்வரை ஒழுங்கான வோல்டேஜ் வேண்டும்.

1937-ல் ஓர் இந்திய மோட்டார் சந்தைக்கு வந்தபோது தேவையும் மின்சாரமும் கைத்திறனும் ஒன்று சேர்ந்தன. இன்று தேவை இருக்கிறது, கைத்திறனும் இருக்கிறது. நல்ல மோட்டாரும் ஏழையின் கைக்கு எட்ட வேண்டும் என்று கேட்கும் குரல் மட்டும் இன்னும் உரக்க எழவில்லை. ஆலை வாசலிலும் ஊர்ச் சாவடியிலும் இந்தக் கணக்கை நாலு பேருக்குச் சொல்லுங்கள். கணக்குப் புரிந்த தொழிலாளியை யாரும் ஏமாற்ற முடியாது!